கேணிக்கரைக் கடுக்கன்காரர்

கீரிமலைக் கேணியின் அந்தக் காலத்துப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது! இதை எழுதும்போதும் கை பரபரக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய சாமான் கடை; உடைந்த றேடியோக்களுக்கும் பித்தளைச் செம்புகளுக்கும் நடுவில், தடித்த மட்டையில் ஒட்டிய படம். தூசி துடைத்து நீட்டும்போதே கடைக்கார ஐயா சொல்லிவிட்டார்: “உது கீரிமலையெல்லே தம்பி!”

கற்படிகள், கேணி, சுவருக்கு அப்பால் கடல். படியில் நாலு ஆண்கள். மூத்தவர் குடுமி வைத்து, காதில் கடுக்கன் போட்டு, சால்வையை இடுப்பில் கட்டி நேரே பார்க்கிறார். அடிப்படியில் ஒரு பொடியன். கமெரா முன்னால் அசைந்துவிட்டான் போல, முகம் கலங்கியிருக்கிறது. எனக்கு அவனைத்தான் மிகவும் பிடித்திருக்கிறது!

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் உண்மையான கொண்டாட்டம். படத்தினூடே கடதாசியின் நார் தெரிகிறது. நுண்ணிய வெடிப்புகள், தேன்பழுப்பு நிறம். அல்புமென் தாளேதான்! முட்டை வெள்ளைக்கருவும் உப்பும் பூசிய தாளை வெள்ளி நைத்திரேற்றில் நனைத்துக் காயவைத்து, கண்ணாடி நெகட்டிவின் கீழ் வெயிலில் வைத்து அச்செடுப்பார்கள். 1850இல் பிரான்சில் அறிமுகமாகி 1890கள் வரை கோலோச்சிய முறை. தாள் மெலிது, சுருளும். அதனால்தான் மட்டையில் ஒட்டினார்கள். மட்டை நாலே கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம், ‘கபினெற்’ அளவு. மட்டையின் தடிப்பையும் சரிவாய்ச் சீவிய பொன்விளிம்பையும் சேர்த்துப் பார்த்தால், 1880களோ 1890களோ என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்படியானால் கதை எங்கே போகிறது பாருங்கள்! காங்கேசன்துறைக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1902இல். இவர்கள் நடந்தோ மாட்டு வண்டியிலோ வந்திருக்க வேண்டும். போர்த்துக்கேயர் இடித்த, கேணிக்குப் பக்கத்து நகுலேசுவரம் கோயில் மீண்டும் எழுந்தது 1894இல். இந்தக் கடுக்கன்காரர் அந்தத் திருப்பணியைக் கண்ணால் கண்டிருக்கலாம். சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழைநீர் கடலோரத்தில் நன்னீராய் ஊறும் அதே கேணியில் முழுகியிருக்கிறார்.

1981இல் யாழ் நூலகம் எரிந்தது. 1990இல், போரில், கீரிமலையைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குச் சனம் ஊரைவிட்டு ஓடியது. கீரிமலை பல வருடம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அல்பம் தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? இவ்வளவையும் தாண்டி இந்த ஒரு மட்டை தப்பியிருக்கிறதே! உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒன்று கிடந்தால், தயவுசெய்து லமினேற் பண்ணிவிடாதீர்கள். அமிலமில்லாத கடதாசி உறையில் வையுங்கள், ஸ்கான் எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.

வரும் ஆடி அமாவாசைக்குப் பெரிய பிரதி ஒன்றோடு கேணிக்குப் போகப் போகிறேன். பிதிர்க்கடன் செய்ய ஊர் ஊராகச் சனம் வரும். அந்தக் கடுக்கன்காரரின் முகச்சாயலோடு ஒருவராவது அகப்படாமலா போவார்!