சிலம்பு சொன்ன சாட்சி

கோவலன் கொலைக்குக் காரணம் யார்? பாண்டியனா, பொற்கொல்லனா, ஊழ்வினையா? சிலப்பதிகாரம் பேசப்படும் மேடைகளில் இவ்வினா எழாத மேடை அரிது. மூன்று கட்சிக்கும் வாதிடுவோர் உளர். ஆனால், இளங்கோவடிகள் அக்கொலையையும் அதன்பின் எழுந்த வழக்கையும் தேர்ந்ததொரு புலனாய்வாளரைப் போலப் படிப்படியாக அடுக்கிக் காட்டியிருக்கும் திறத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் அருகருகே வைத்துப் படிப்பார்க்கு ஒன்று புலனாகும். இரண்டிலும் சான்றுப் பொருள் ஒன்றே. கோவலன் விற்கக் கொண்டுசென்ற அதே சிலம்புதான். முன்னதில் அது அவன் உயிருக்குக் கூற்றாயிற்று. பின்னதில் அவன் குற்றமின்மைக்குச் சான்றாயிற்று. பொருள் மாறவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வியே மாறிற்று.

கேட்கப்படாத கேள்விகள்

அரசியின் சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லனே. தன் களவு வெளிப்படுமுன் பழியை வேறொருவன்மேல் ஏற்ற அவன் வழிதேடியிருந்தான். அந்த வேளையில் வந்து சேர்ந்தான் கோவலன். அவன் ஊர்விட்டு வந்த புதியவன். மதுரையில் அவனை அறிந்து பரிந்து பேசுவார் எவரும் கடைத்தெருவில் இல்லை. பொற்கொல்லன் அவனைத் தேர்ந்தெடுத்தமைக்கு இதுவே காரணம் என்பதை அடிகள் அவன் எண்ணமாகவே கூறிவிடுகிறார்.

அரசனோ ஆடல் மகளிரின் கூத்தைக் கண்டபின், ஊடிச் சென்ற தேவியின் சினம் தணிக்கச் சென்றுகொண்டிருக்கிறான். அமைச்சர் உடனில்லை. வழியில் பொற்கொல்லன் பணிந்து கூறியதைக் கேட்டதும், அக்கள்வன் கையில் சிலம்பு இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருமாறு ஏவுகிறான். ஊழ் அவன் நாவை மயக்கியது என்று அமைதி கூறுவாரும் உளர். எனினும் அவன் ஆராயவில்லை என்பதை அடிகளே மறையாது சொல்கிறார்.

அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எத்தனை! சிலம்பை அடையாளம் காட்டவல்ல தேவி அருகிலேயே இருந்தாள், அவளிடம் காட்டப்படவில்லை. சிலம்பு எவ்வாறு வந்தது என்று கோவலனிடம் வினவப்படவில்லை. குற்றம் சாற்றியவனே பொருளை மதிப்பிடும் வல்லுநனாகவும் இருந்தான். அவனுக்கு இதில் நலன் உண்டா என்று எண்ணப்படவில்லை.

காவலர்க்குக்கூட ஐயம் எழுந்தது. கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொல்லத் தக்கவன் அல்லன் என்றனர். அதற்குப் பொற்கொல்லன் தந்த விடை என்ன? மந்திரம், மருந்து, நிமித்தம் எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டினை விரித்துரைத்தான். பின்னர் காவலருள் ஓர் இளைஞன், முன்னொரு நாள் இருளில் தான் கண்ட கள்வன் ஒருவனின் கதையைச் சொன்னான். கள்வர் பொதுவாக எத்தகையர் என்பதே பேசப்பட்டது. இவன் கள்வன்தானா என்பது பேசப்படவில்லை. கல்லாத ஒருவன் வாளை வீசினான், வழக்கு முடிந்தது.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 114ஆம் பிரிவு இங்கு நினைக்கத் தக்கது. களவு நிகழ்ந்த சின்னாளில் களவுப் பொருளை வைத்திருப்பவனைத் திருடன் என்றோ, திருட்டுப் பொருள் என அறிந்தே வாங்கியவன் என்றோ நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆனால், அப்பொருள் தன்னிடம் வந்த வகையை அவன் விளக்க இயலாதபோதுதான். 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இந்நெறியை விடவில்லை. பாண்டியன் அனுமானத்தை எடுத்துக்கொண்டான்; விளக்கத்துக்கு இடம் தரவில்லை.

உடைத்துக் காட்டிய உண்மை

இனி வழக்குரை காதைக்கு வருவோம். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்கிறான் அரசன். அதற்கு விடையாகக் கண்ணகி தன் கணவனின் குடிப்பெருமையையோ நற்குணத்தையோ சான்றாக அடுக்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று ஒரே செய்தியைச் சொல்கிறாள். தம் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பு வருகிறது, உடைக்கப்படுகிறது, மாணிக்கம் அரசன் வாய்முதலில் தெறிக்கிறது.

தடய அறிவியலார் பொருளின் அடையாளங்களை இனப் பண்பு, தனிப் பண்பு என இரண்டாகப் பகுப்பர். கொலை நடந்த இடத்தில் பதிந்த செருப்படியின் அளவு இனப் பண்பு. அவ்வளவுச் செருப்பு ஆயிரம் பேரிடம் இருக்கும். அடித்தோலில் விழுந்த வெட்டும் தேய்வும் தனிப் பண்பு. அவை ஒரு செருப்பையே சுட்டும். சிலம்புகளின் புறத்தோற்றம் இனப் பண்பு. பொற்கொல்லன் சூழ்ச்சி அதன்மேல் நின்றது. கண்ணகியோ அவ்விரு சிலம்புகளையும் வேறுபடுத்திய உட்பரலைக் கேட்டாள். அதனினும் சிறப்பு, இருவரும் தத்தம் கூற்றை முன்னரே சொன்னபின் அவையறியச் சிலம்பு உடைக்கப்பட்டமை. உடைத்தபின் சொல்லியிருந்தால் அது சான்றாகாது, சமாதானமாகும்.

ஜல்பைகுரி வழக்கு

பொருட்சான்று எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு நம் வங்க மாநிலமே ஒரு வழக்கை அளித்திருக்கிறது. 1897இல் அன்றைய கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. எட்வர்ட் ஹென்றியின் பெயரால் வழங்கும் வகைப்பாட்டு முறையை உருவாக்க அரிதின் உழைத்தவர்கள் அஜீஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர். மறு ஆண்டில், ஜல்பைகுரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்தறுபட்டு மாண்டு கிடந்தார். பணம் களவு போயிருந்தது. அவருடைய பெட்டியில் இருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றின்மீது மங்கிய இரத்தக் கறை. அதிலிருந்த விரற்பதிவு, முன்பு களவுக்காகத் தண்டனை பெற்ற அவருடைய பழைய பணியாள் ஒருவனின் கைரேகையோடு பொருந்தியது.

ஆயினும், அவன் கொலை செய்ததைக் கண்டவர் இல்லை என்பதால் களவுக்கு மட்டுமே தண்டனை பெற்றான், கொலைக்குற்றம் நிறுவப்படவில்லை. அத்தீர்ப்பு மிகத் தயங்கிய தீர்ப்பு என்பாரும் இருக்கலாம். எனினும், பெட்டியைத் தொட்ட கை எதுவென்று ரேகை சொல்லும். கத்தியைப் பிடித்த கை எதுவென்று அது தானே சொல்லாது. அந்த இடைவெளியைப் பிற சான்றுகள் நிரப்ப வேண்டும். சூழ்நிலைச் சான்றுகள் அறுபடாத சங்கிலியாக அமைய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1984இல் வலியுறுத்தியதும் இதனையே. பாண்டியன் ஒரே கண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சங்கிலி முழுதும் கண்டதாக எண்ணினான்.

மன்னனின் பங்கு

பாண்டியனுக்குரிய பெருமையையும் மறுத்தல் ஆகாது. தன் சிலம்பின் பரல் முத்து என்று உண்மை உரைத்தவன் அவனே. சிலம்பை வரவழைத்து முன்வைத்தவனும் அவனே. அதிகாரம் உடையவன் அதை மறைத்திருந்தால் கண்ணகியின் மாணிக்கம் உள்ளேயே உறங்கியிருக்கும். பொற்கொல்லன் சொல் கேட்ட தானே கள்வன் எனத் தன்மேல் தீர்ப்பிட்டு வீழ்ந்தான். பொருள் பேச வேண்டுமாயின் அதைத் திறந்து பார்க்க ஒப்பும் நீதிபதியும் வேண்டும்.

வேற்றூரில் குடியேறி வாழும் நமக்கு இக்காதைகள் சற்று நெருங்கியே ஒலிக்கின்றன. சொந்த ஊரில் ஒருவனுக்காகப் பேசக் குடியும் சுற்றமும் உண்டு. பிழைக்க வந்த ஊரில் அவன் முகமும் மொழியுமே ஐயத்துக்கு இடமாகிவிடுகின்றன. கோவலன் அத்தகைய புதியவனாகவே மாண்டான். கண்ணகி அத்தகைய புதியவளாகவே வழக்காடினாள். அவளுக்கு அவ்வூர் அவையில் உறவில்லை, பரிந்துரை இல்லை, சிலம்பு ஒன்றே இருந்தது. அதை முறையாக ஆராய்ந்த அன்று அரியணையே அதற்குப் பணிந்தது. அவ்வாராய்ச்சி ஒரு நாள் முந்தியிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான், மதுரையும் எரிந்திராது.