பிறந்தநாள் பட்டியலும் கலை வரலாறும்: ஹிப் ஹாப் காலக்கணிப்பு குறித்துச் சில சிந்தனைகள்

ஓர் இலக்கியத்தின் காலத்தைக் கணிப்பது இலக்கிய ஆய்வின் முதற்பணிகளுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். தொல்காப்பியத்தின் காலம் குறித்தும் சிலப்பதிகாரத்தின் காலம் குறித்தும் அறிஞர்கள் நிகழ்த்திய விவாதங்கள் நூற்றாண்டைக் கடந்தும் முடிந்தபாடில்லை. அவற்றோடு ஒப்பிடுகையில், ஐம்பது ஆண்டுகளைச் சற்றே கடந்த ஹிப் ஹாப் கலையின் காலக்கணிப்பு மிக எளியதாகத் தோன்றக்கூடும். பிறந்த நாள், பிறந்த கட்டடம், அவ்விரவில் வசூலித்த நுழைவுக் கட்டணம் ஈறாக யாவும் பதிவாகியுள்ளன. ஆண்டின் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் அந்நாளில் பிறந்த கலைஞர், வெளிவந்த இசைத்தொகுப்பு, நிகழ்ந்த மைல்கல் என அடுக்கித் தரும் பட்டியல்கள் பஞ்சாங்கம்போல் கிடைக்கின்றன. இப்பட்டியல்கள் எவற்றை நினைவில் வைக்கின்றன, எவற்றை மறக்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ராப் எனப்படும் தாளப் பேச்சுப்பாட்டைச் சொல்லிசை என்றே ஈண்டு வழங்குகிறோம். இசைத்தட்டுகளைக் கையாளும் டிஜே கலை, சொல்லிசை, நடனம், சுவரோவியம் ஆகியவை இணைந்த பண்பாட்டுக்கே ஹிப் ஹாப் என்னும் பெயர் முழுமையாகப் பொருந்தும். பட்டியல்களின் முதற்குறை இவ்விடத்திலேயே தொடங்கிவிடுகிறது. நடனக்காரரின் பிறந்தநாளும் சுவரோவியரின் பிறந்தநாளும் அவற்றில் அரிதாகவே காணப்படுகின்றன. விற்பனைக்கு வந்த பொருளுக்கு மட்டுமே வெளியீட்டு நாள் உண்டு என்பதால், விற்பனைக்கு வராதவை நாட்காட்டியிலிருந்து தாமாகவே நழுவிவிடுகின்றன.

தொடக்க நாளையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரத்தில் 1520, செட்ஜ்விக் அவென்யூ என்னும் முகவரியிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக் கூடத்தில் 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் ஒரு விருந்து நடைபெற்றது. பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் திரட்ட விரும்பிய சிண்டி கேம்பல் என்னும் இளம்பெண்ணே அதனை ஏற்பாடு செய்தவர். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு. இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பல். ஜமைக்காவில் பிறந்து 1967இல் நியூயார்க் வந்து சேர்ந்த, அப்போது பதினெட்டே வயதான அவ்விளைஞரைத்தான் உலகம் கூல் ஹெர்க் என அறிகிறது.

அவ்விரவில் பிறந்தது எது என்னும் வினாவை நாம் எழுப்ப வேண்டியுள்ளது. பாடகரின் குரல் ஓய்ந்து தாளக்கருவிகள் மட்டும் ஒலிக்கும் சில நொடிப் பகுதிக்காகவே ஆடுவோர் காத்திருந்ததை ஹெர்க் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரு சுழல்மேடைகளில் இட்டு, அப்பகுதியை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து நீட்டித்தார். ஹிப் ஹாப் இசையின் கரு இதுவே. ஆயின் அது பல விருந்துகளில், ஆடுவோரின் கால்களைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக உருவான முறையாகும். இசைத்தட்டின் மேல் குறியிட்டு அம்முறையைத் துல்லியமாக்கிய கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் உழைப்புக்கும், தட்டைக் கையால் முன்பின்னாக அசைத்துக் கீறல் ஒலியை உண்டாக்கிய கிராண்ட் விசார்ட் தியோடரின் கண்டுபிடிப்புக்கும் கொண்டாடத்தக்க நாள் ஏதும் இல்லை. ஆகஸ்ட் 11 நாட்காட்டியில் நிலைபெற்றதற்குக் காரணம், சிண்டியின் விருந்துக்குக் கையால் எழுதிய அழைப்பு அட்டை இருந்தமையே எனலாம். அழைப்பு எழுதிய தங்கை பல பட்டியல்களில் இடம்பெறுவதில்லை என்பது இதிலுள்ள முரண்.

1973க்கும் 1979க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் பட்டியல்களில் ஏறத்தாழ வெறுமையாகவே உள்ளன. அக்கலை அந்நாளில் உறங்கிக் கிடக்கவில்லை. பூங்காக்களிலும் பள்ளிக் கூடங்களிலும் அது செழித்தது. விருந்துகளில் பதிவான ஒலிநாடாக்கள் கைமாறின. அச்சேறாத இலக்கியத்தை இலக்கியமாகவே எண்ணாத மனப்போக்கு நமக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் வெளிச்சத்தில் ஆராய்ந்து க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூல் எழுப்பிய வினாக்களுள் சில இங்கும் செல்லும்: நிகழ்த்துகையின்போது உருவாகும் பாட்டுக்குக் காலம் எது? ஆசிரியர் யார்?

இவ்வினாவுக்கு 1979ஆம் ஆண்டு தந்த விடை கசப்பானது. அவ்வாண்டு செப்டம்பரில் ஷுகர்ஹில் கேங் குழுவினரின் 'ராப்பர்ஸ் டிலைட்' வெளிவந்தது. நியூஜெர்சியின் எங்கில்வுட் நகரில் சில்வியா ராபின்சன் என்னும் பாடகி கணவரோடு நடத்திய நிறுவனம் அதனை வெளியிட்டது. சொல்லிசை இடம்பெற்ற ஃபேட்பேக் பேண்ட் குழுவின் இசைத்தட்டு சற்று முன்னரே வந்துவிட்டது. எனினும் உலகெங்கும் ஒலித்தது இதுவே. அதில் ஹேங்க் என்பவர் பாடிய வரிகள் பிராங்ஸைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. கீர்த்தனையின் இறுதியில் இயற்றியவரின் முத்திரை அமைவதுபோல், காஸ் தம் பழைய மேடைப்பெயரை அவ்வரிகளுள் எழுத்தெழுத்தாகப் பொதிந்திருந்தார். முத்திரையைக்கூட மாற்றாமல் வரிகள் அப்படியே பாடப்பட்டன. பின்னணித் தாளத்துக்குரிய பாடலை இயற்றிய ஷிக் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் எதிர்ப்புத் தெரிவித்து ஆசிரியர் தகுதியைப் பெற்றனர். காஸுக்கு அத்தகுதி கிடைக்கவில்லை. வணிக அளவில் முதல் மைல்கல் எனப் போற்றப்படும் படைப்பிலேயே பதிவான இசைக்கு உரிமை உண்டு, வாய்மொழிப் பாட்டுக்கு உரிமை இல்லை என்னும் வேறுபாடு வெளிப்பட்டுவிட்டது. ஆண்டுதோறும் இத்தட்டின் வெளியீட்டு நாளை நினைவுகூர்வோர் காஸின் பெயரையும் உடன் கூறுவதே நேர்மை.

தட்டின் மேலுறையில் காணும் பெயரை நம்பி வரலாறு எழுதுவதிலும் இடர் உண்டு. 1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்', வறுமையும் நெருக்கடியும் சூழ்ந்த நகர வாழ்வைச் சொல்லிசையின் பாடுபொருளாக நிலைநிறுத்திய படைப்பு. 2002இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுக் கருவூலத்திற்கு முதன்முறையாகத் தெரிந்தெடுத்தவற்றுள் அதுவும் ஒன்று. மேலுறையில் இருப்பது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயர். பாட்டின் கருவை எழுதியவரோ எட் ஃபிளெட்சர் என்னும் நிறுவன இசைக்கலைஞர். அவரோடு சேர்ந்து எழுதிப் பாடியவர் மெல்லி மெல். ஃபிளாஷின் தனித்திறமையாகிய தட்டுக் கலைக்கு அதில் இடமே இல்லை. டிஜேயை மையமாகக் கொண்ட கலை குரலை மையமாகக் கொண்ட கலையாக மாறிய தருணம் இது. பட்டியல்கள் இம்மாற்றத்தைக் குறிப்பதில்லை. வெளியீட்டு ஆண்டைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

நம் நாட்டுத் தமிழ்ச் சொல்லிசைக்கும் இவ்வாறே வரலாறு எழுதப்பட்டு வருகிறது. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' வெளிவந்த 2006ஆம் ஆண்டே தொடக்கமாகப் பெரும்பாலும் சுட்டப்படுகிறது. 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்திற்காக இளையராஜா அமைத்த பாடலொன்றை அடித்தளமாகக் கொண்ட அதன் புகழ்பெற்ற படைப்பு தமிழகத்திலும் ஒலித்தது. 'வல்லவன்' தகுதியால் உயர்ந்த தொகுப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் யோகி பி பங்கேற்ற போயட்டிக் ஆம்மோ குழுவின் முதல் தொகுப்பு 1998இலேயே வந்துவிட்டது. அவ்விரு தொகுப்புகளுக்கும் இடையிலான எட்டு ஆண்டுகளை வெறுமையாக விடுவது, பிராங்ஸின் ஆறு ஆண்டுகளை மறப்பதற்கு ஒப்பானதே.

இனி இசைத்தொகுப்புகளுக்கு வருவோம். ஆண்டுவிழா மிகுதியாகக் கண்ட தொகுப்புகளுள் நாஸின் 'இல்மாட்டிக்' ஒன்று. அது வெளிவந்த நாள் 1994 ஏப்ரல் 19. நாஸ் பிறந்தது 1973 செப்டம்பர் 14, அதாவது செட்ஜ்விக் விருந்து நடந்து ஒரு மாதம் கழித்து. கலையும் கலைஞரும் ஒரே பருவத்தில் பிறந்தனர் என்று இதனை ஊழ்வினைபோல் எழுதுவோர் உளர். நாம் இதனைத் தற்செயல் என்றே கொள்வோம். தொகுப்பின் பெருமை அதன் செய்யுளில் இருக்கிறது. ஆங்கிலச் செய்யுளில் அடியிறுதி ஒன்றுவதாகிய இயைபே முதன்மையானது. 1987இல் ராக்கிம் அவ்வியைபை அடியின் உள்ளேயும் பரப்பினார். ஓரசை ஒன்றுவதோடு நில்லாமல் பல அசைகள் தொடர்ந்து ஒன்றும்படி செய்தார். நாஸ் அம்முறையைக் கையேற்று, பொருள் அடியெல்லையைத் தாண்டி ஓடும்படி விட்டார். இதனால் பேச்சின் இயல்பும் யாப்பின் இறுக்கமும் ஒருங்கே வாய்த்தன. சிறையிலிருக்கும் நண்பருக்கு எழுதும் மடலாக ஒரு பாட்டு அமைந்துள்ளது. நம் சீட்டுக்கவி மரபை அறிந்தோர் அதனை வியப்பின்றி வரவேற்பர். அங்கே பரிசில் வேண்டும் புலவர் எழுதுகிறார், இங்கே குடியிருப்பின் செய்தி கூறும் நண்பர் எழுதுகிறார். பத்துப் பகுதிகள், நாற்பது நிமிடத்திற்கும் குறைந்த அளவு என்னும் சுருக்கமும் பாராட்டத்தக்கது. 'தி சோர்ஸ்' இதழ் உடனடியாக உச்ச மதிப்பீட்டை வழங்கியது. விற்பனை மெல்லவே நடந்தது. பத்து இலட்சப் படிகளுக்கான சான்று 2001இல்தான் கிட்டியது. திறனாய்வு முந்தியும் சந்தை பிந்தியும் வந்த இந்நிகழ்வை வெளியீட்டு நாள் ஒன்றைக்கொண்டு எவ்வாறு விளங்கிக்கொள்வது?

பிறந்தநாளும் வெளியீடும் மறைவும் ஒருசேர அமைந்த நிகழ்வும் உண்டு. டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜே டில்லா 1974 பிப்ரவரி 7இல் பிறந்தவர். அவருடைய 'டோனட்ஸ்' 2006 பிப்ரவரி 7இல், அவருடைய முப்பத்திரண்டாம் பிறந்தநாளன்று வெளிவந்தது. மூன்றாம் நாள் அவர் மறைந்தார். சொற்கள் இல்லாத, 31 சிறு பகுதிகளால் ஆகிய அத்தொகுப்பை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து விடுத்த இறுதி மடலாகவே உலகம் கேட்டது. டான் சார்னஸ் 2022இல் வெளியிட்ட வரலாற்று நூல் இக்கதையைத் திருத்துகிறது. தொகுப்பின் அடிப்படை அதற்கு முன்பே உருவாகிவிட்டது என்பது அந்நூலால் தெரியவருகிறது. நாட்களின் பொருத்தம் ஒரு தொன்மத்தை உண்டாக்கிவிட்டது. தொன்மம் காதுகளை வழிநடத்தியது. தாளத்தை இம்மியளவு முன்பின்னாக நகர்த்தி மனிதக் கையின் தடுமாற்றத்தைக் கருவிக்குள் கொண்டுவந்த டில்லாவின் அரும்பணி சாவின் சோகத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இருபத்தைந்து வயதில் 1996இல் சுடப்பட்டு இறந்த டுபாக் ஷகூர், இருபத்து நான்கு வயதில் 1997இல் சுடப்பட்டு இறந்த நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. ஆகியோர்க்கும் இதுவே நேர்ந்தது. அவர்தம் மறைவு நாட்கள் அறியப்பட்ட அளவு அவர்தம் செய்யுள் நுட்பம் ஆராயப்படவில்லை.

கலையின் போக்கை உண்மையில் மாற்றிய சில நாட்கள் நீதிமன்றத்தில் தோன்றியவை. 1991 டிசம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், பிஸ் மார்க்கி என்பவர் கில்பர்ட் ஓசல்லிவனின் பாடல் பகுதியை இசைவின்றிப் பயன்படுத்திய வழக்கில் தீர்ப்பளித்தது. திருடாமையை வலியுறுத்தும் விவிலியக் கட்டளையோடு நீதிபதி தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் பல பாடல்களின் துண்டுகளை நெய்து ஒரு பாடல் ஆக்கும் முறை பெருஞ்செலவுடையதாயிற்று. அம்முறையின் உச்சமாகிய டி லா சோல் குழுவின் 1989ஆம் ஆண்டு முதல் தொகுப்பு, உரிமைச் சிக்கல்களால் இணையவழி இசைச் சேவைகளில் 2023 மார்ச் 3 வரை இடம்பெறவில்லை. அக்குழுவின் டேவ் அதற்கு மூன்று வாரங்களுக்கும் சற்றுக் குறைவான காலத்திற்கு முன், பிப்ரவரி 12இல், காலமானார். ஒரு தலைமுறையே அத்தொகுப்பை எளிதில் கேட்க இயலாமற்போன இழப்பைக் குறிக்க, 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு நாளையும் பட்டியல்களில் சேர்த்தாக வேண்டும்.

இத்துணையும் கூறியபின், பிறந்தநாள் கொண்டாட்டமே வீண் என்று நாம் கருதுவதாக எண்ண வேண்டா. 2021இல் அமெரிக்க மேலவை ஆகஸ்ட் 11ஐ ஹிப் ஹாப் நாளாக அறிவித்ததும், 2023இல் யாங்கி விளையாட்டரங்கில் பொன்விழா நடைபெற்றதும் சடங்குகளே. ஃபிளாஷ் குழுவினருக்கு 2007இலேயே ராக் இசைப் புகழ்க்கூடத்தில் இடமளித்தவர்கள் ஹெர்க்குக்கு 2023 வரை காலம் தாழ்த்தினர் என்பதும் விழாக்களின் தன்மையைக் காட்டும். ஆனால் அந்நாளுக்கு வேறொரு பயனும் விளைந்தது. 2007இல் செட்ஜ்விக் கட்டடத்தின் உரிமையாளர், நடுத்தர வருவாயினருக்கான வாடகைத் திட்டத்திலிருந்து அதனை விலக்க முற்பட்டார். ஏறத்தாழ நூறு குடும்பங்கள் வீடிழக்கும் அச்சத்திற்கு உள்ளாயின. குடியிருப்போர், தம் கட்டடம் ஒரு கலையின் பிறப்பிடம் என்பதையே வாதமாக முன்வைத்தனர். ஹெர்க் அவர்களோடு நின்றார். அவ்வாண்டு கோடையில் நியூயார்க் மாநில அரசு கட்டடத்தை ஹிப் ஹாப்பின் பிறப்பிடமாக ஏற்றது. ஏற்பு மட்டும் போதவில்லை. 2008இல் கட்டடம் முதலீட்டாளர் கைக்கு மாறியது, பழுதுகள் பெருகின, கடன் நிலுவையாயிற்று. 2011இல் நகராட்சியின் துணையோடு வேறொரு நிறுவனம் அதனை வாங்கிப் பழுதுபார்க்க முன்வந்தது. அவ்வீடுகள் மீண்டும் எளியோர்க்கு ஏற்ற வாடகைக்குத் திரும்பின.