எட்டு வயதில் குத்தும் முத்திரை

சிறுவர்களை ஒரே விளையாட்டில் கட்டிப்போடாதீர்கள் என்று புனேயில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: ‘ஜெரெமியைப் பாருங்கள்.’

பார்க்கத்தான் வேண்டும். மிசோரமின் எடை தூக்கும் வீரர் ஜெரெமி லால்ரின்னுங்கா புனே ராணுவ விளையாட்டு நிறுவனத்தில் வளர்ந்தவர். 2018-இல் பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் 15 வயதில் 274 கிலோ தூக்கி, அந்தப் போட்டியில் இந்தியாவின் முதல் தங்கத்தை வென்றார். 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 300 கிலோ, மறுபடியும் தங்கம். எளிய வீட்டுப் பிள்ளைக்குச் சோறும் பள்ளியும் பயிற்சியாளரும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய காரியம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஜெரெமி முதலில் கையுறை மாட்டியவர். தந்தை குத்துச்சண்டை வீரர். மகனும் அதில்தான் தொடங்கினார். ஊர்ப் பிள்ளைகள் எடை தூக்குவதைக் கண்டு மனம் மாறி, மூங்கில் கழியில் பழகத் தொடங்கினார். அவரை மாறவிட்டார்கள், அதனால் நமக்கு ஜெரெமி கிடைத்தார். அப்படி மாறும் வழியைத்தான் நம் முறை அடைத்து வைத்திருக்கிறது.

ராணுவச் சிறுவர் விளையாட்டுப் பிரிவில் சேர்க்கும் வயது எட்டிலேயே தொடங்குகிறது. சேரும்போதே விளையாட்டின் பெயரும் ஒட்டிக்கொள்கிறது. அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வான பிள்ளைக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுப் பணம் வருகிறது. அதுவும் ஒரு விளையாட்டின் பெயரில்தான். அந்தப் பணத்தை நம்பியிருக்கும் வீட்டில், ‘எனக்கு வேறு விளையாட்டு பிடிக்கிறது’ என்று பதின்மூன்று வயதுப் பையன் எப்படி வாய் திறப்பான்? உதவி என்று கொடுத்ததே தளையாகிறது.

வளரும் எலும்பிலும் மூட்டிலும் ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் பாரம் விழுந்தால் தேய்மானமும் அங்கேதான். 15, 16 வயதுவரை ஒரே விளையாட்டுக்குள் அடைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-இலேயே சொல்லிவிட்டது. அங்கே பள்ளி மாணவன் இலையுதிர் காலத்தில் அவர்கள் ஊர்க் கால்பந்தும், குளிரில் கூடைப்பந்தும், வசந்தத்தில் தடகளமும் ஆடிவிட்டு, அதற்குப் பிறகு கல்லூரிக் கால்பந்து அணிக்குப் போவது சாதாரணம். பர்மிங்காமுக்குப் பின் ஜெரெமியைக் காயங்கள் துரத்தின. பாரிஸ் 2024-இல் அவர் இல்லை. சிறுவயதுப் பயிற்சிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நம் எம்.ஜே. கோபாலனை நினைத்துக்கொள்கிறேன். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய சென்னைக்காரர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டு இங்கிலாந்து கிரிக்கெட் பயணத்துக்குப் போனார். அங்கே ஒரு டெஸ்டிலும் இடம் இல்லை. ஹாக்கி அணியோ தங்கத்துடன் திரும்பியது. தப்புக் கணக்குதான். ஆனால் கணக்குப் போட்டவர் அவரே, வளர்ந்த மனிதராக.

சென்ற மழைக்காலத்தில் புனேயின் ஒரு மைதானத்தோரம் நின்றேன். பன்னிரண்டு வயதிருக்கும் பையன், உள்ளங்கையெல்லாம் எடை தூக்குவோர் பூசும் வெள்ளைப் பொடி. பக்கத்து ஆட்டத்திலிருந்து உருண்டு வந்த பந்தை உள்ளங்காலால் நிறுத்தி, முப்பதடி தள்ளி நின்றவன் காலுக்கே நேராக அனுப்பினான். ‘இகடே யே’ (இங்கே வா) என்று பயிற்சியாளர் மராத்தியில் அதட்டினார். பையன் கம்பிக்குத் திரும்பினான், முகம் மட்டும் பந்து போன பக்கமே இருந்தது.