விதவையாக்கியும் கோடைக்கால டயரும்

போர்ஷே நிறுவனம் 1975இல் சந்தைக்குக் கொண்டுவந்த 930 டர்போ காருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஒரே பொருளில் வழங்கும் அந்தப் பெயரைத் தமிழில் சொன்னால் 'விதவையாக்கி'. கார்ப் பிரியர்கள் அதைச் செல்லமாகத்தான் சொல்கிறார்கள். அந்தக் கார் பழைய வாகனச் சந்தையில் விலை ஏறிக் கிடப்பதில் அந்தப் பெயருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு முழுக் குடும்பம் குடியிருக்கிறது. ஓட்டுகிறவன் ஆண். அவனுக்கு மனைவி இருக்கிறாள். அவள் வீட்டில் இருக்கிறாள். அவன் சாகும்போது அந்தச் சாவுக்குப் பெயர் வைக்க அவள் நிலைமை எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவளே சாவியை எடுத்துக்கொண்டு அந்தக் காரில் ஏறலாம் என்பதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. தாலி கழற்றும் சடங்கைச் சிறு வயதில் அடுத்த வீட்டு முற்றத்தில் பார்த்து வளர்ந்த நமக்கு 'விதவையாக்கி' செல்லப்பெயராகக் காதில் விழாது. இந்தச் சொல்லை விளையாட்டாகச் சொல்ல முடிகிறவர்கள் யார் என்பதிலிருந்தே என் வாசிப்பைத் தொடங்க விரும்புகிறேன்.

கார் உண்மையில் என்ன செய்தது? அதன் எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் டர்போ விழித்துக்கொள்ள ஒரு கணம் பிடிக்கும்; பிறகு மொத்த விசையும் ஒன்றாக வந்து இறங்கும். வளைவின் நடுவில் அது வந்தால் ஓட்டுகிறவன் பயந்து காலை எடுப்பான். எடுத்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும், பின்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறையும், கனமான பின்புறம் சுழன்று வெளியே வீசும். சாலை குளிர்ந்திருந்தால் இது இன்னும் சீக்கிரம், இன்னும் குறைந்த வேகத்திலேயே நடக்கும். மனிதன் காலை எடுத்த பிழை இது. பட்டம் காருக்குப் போயிற்று. ஆண் தோற்றால் எதிரில் இருந்தது ஒரு புலி என்று சொல்லிவிடும் பழைய ஏற்பாடுதான்.

இந்த நாடகத்தில் யாரும் பேசாத பாத்திரம் டயர். எவ்வளவு விலையுயர்ந்த காராக இருந்தாலும் அது தரையைத் தொடுவது நான்கு இடங்களில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. விளையாட்டுக் கார்கள் பெரும்பாலும் கோடைக்கால டயர்களோடுதான் விற்பனைக்கு வருகின்றன. அந்த ரப்பர்க் கலவை சூட்டில் வேலை செய்வதற்கென்று உருவாக்கப்பட்டது. வெப்பம் குறையக் குறைய அது இறுகும். நெகிழ்ந்து சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் குணத்தை இழக்கும். ஐரோப்பாவில் 7 டிகிரி செல்சியஸை ஓர் எல்லையாகச் சொல்கிறார்கள். அது கணக்குக்காகச் சொல்லும் எண். 8இல் பிழைத்து 6இல் சாவதில்லை. ஆனால் திசை அதுதான். சாலையில் பனி இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. காய்ந்த, சுத்தமான, குளிர்ந்த தார்ச்சாலையே போதும். பந்தயத்தளத்துக்கு நெருக்கமான சில டயர்கள் உறைநிலைக்குக் கீழே வண்டியை நகர்த்தினாலே வெடிப்பு விடலாம் என்று அவற்றைச் செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள். குளிர்கால டயரில் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாக இருக்கும். மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் ஓடும். பனியைக் கவ்வுவது அந்த வெட்டுகளின் விளிம்பு. ஜெர்மனியில் 'அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை' என்று குளிர்கால டயருக்கு ஒரு வாய்ப்பாடே உண்டு. அவர்கள் மொழியில் இரண்டு சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் மனத்தில் நிற்கிறது.

(இதைத் தமிழில் எழுதும்போது 'பனி' என்ற ஒரே சொல்லோடு மல்லாட வேண்டியிருக்கிறது. நமக்குப் புல்லில் நிற்பதும் பனி, விடியலில் மூடுவதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. ஓட்டுநர்கள் மிகவும் அஞ்சுவது கண்ணாடிபோல் சாலையோடு சாலையாகப் படிந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் மெல்லிய உறைபனியை. அதைக் 'கண்ணாடிப் பனி' என்று வைத்துக்கொள்கிறேன்.)

பெண்ணும் காரும் என்றதும் கலை வரலாற்றில் எல்லாரும் கைநீட்டுவது தமாரா தெ லெம்பிக்காவின் சுய உருவப்படத்தை நோக்கித்தான். 1929இல் 'தி டாமெ' என்ற ஜெர்மன் பெண்கள் பத்திரிகையின் அட்டைக்காக வரைந்தது. பச்சை புகாட்டி கார், தலையை இறுக்கிய தோல் தொப்பி, கையுறை, பாதி மூடிய இமைகள், காற்றில் உறைந்து நிற்கும் சாம்பல் நிறத் துணி. பெண் விடுதலையின் சின்னமாகப் பலமுறை அச்சேறிய ஓவியம். முதுகலை வகுப்பில் இதைத் திரையில் காட்டியபோது ஒரு மாணவி, "மேடம், இவங்க எங்க போறாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் எந்த விமர்சனத்திலும் படித்ததில்லை.

எங்கும் போகவில்லை. ஓவியத்தில் சாலை இல்லை. சக்கரமும் இல்லை. சட்டகம் கதவோடு வெட்டப்பட்டிருக்கிறது. லெம்பிக்காவிடம் அப்போது புகாட்டியும் கிடையாது. இருந்தது சிறிய மஞ்சள் ரெனோ. பத்திரிகைக்கு வேண்டியிருந்தது வேகத்தின் தோற்றம், அதை அவர் அபாரமாகக் கொடுத்தார். இமைகளில் உள்ள அந்த அலட்சியத்தை நானும் ரசிக்கிறேன். ஆனால் அந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் 1927 செப்டம்பரில் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் கழுத்துத் துணி காரின் சக்கரத்தில் சிக்கி அவர் உயிரைப் பறித்தது நினைவுக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. சக்கரத்தைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளினால்தான் துணி அழகாகப் பறக்கும். பெண்ணுக்கு ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டுத் தரையைக் கொடுக்காத படம் இது. நம் பெண்ணியச் சுவரொட்டிகள் இதை இவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டது எனக்கு உவப்பாக இல்லை.

சட்டகத்துக்கு வெளியே போன அந்த டயரில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. 1929இல் உலகின் ரப்பரில் பெரும்பகுதி தென்கிழக்காசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தது. அதில் மலாயாவின் பங்கு பெரிது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் கங்காணிகள் வழியாகக் கப்பலேறிய தமிழ்ப் பெண்கள் ஏராளம். ஆணைவிடக் குறைந்த கூலி. விடியலுக்கு முன்பே காட்டுக்குப் போக வேண்டும். காற்று குளிர்ந்திருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் நின்றுபோகும். பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், எங்கே கத்தி மரத்தின் உயிரைத் தொட்டுவிடும் என்பது விரல் அறிந்த கணக்கு. ரப்பருக்கும் வெப்பநிலைக்கும் உள்ள உறவை ஆய்வகத்துக்கு வெளியே அன்றாடம் அறிந்திருந்தவர்கள் அவர்கள். அந்த அறிவுக்கு எந்த ஓவியத்திலும் முகம் இல்லை. அதைக் கூலிப் பதிவேட்டில் நாள் கணக்காக எழுதினார்கள்.

அறிவு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் இங்கே வைக்கிறேன். ஏனென்றால் பெண் ஓட்டுநர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்குக் கிடைக்காத சொல் அது. 'துணிச்சல்' தாராளமாகக் கிடைக்கிறது.

பிரான்ஸைச் சேர்ந்த மிஷேல் மூட்டோனை எடுத்துக்கொள்வோம். 1975இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கிறிஸ்தீன் தக்ரெமோன், மரியான் ஹோப்ஃப்னர் ஆகியோருடன் ஓட்டி இரண்டு லிட்டர் பிரிவில் வென்றவர். அந்தப் பந்தயத்தைப் பற்றி அவர் பிற்காலத்தில் சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. மழை பிடித்தது. அவர் காரில் இருந்தது பள்ளங்களே இல்லாத வழவழப்பான டயர். வந்து மாற்றிக்கொள் என்று குழுவினர் அழைக்கிறார்கள். அவர் வரவில்லை, ஒவ்வொருவராக முந்திக்கொண்டிருந்தார். இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் "என்ன துணிச்சல்!" என்று முடிக்கிறார்கள். எனக்கு அது துணிச்சலாகப் படவில்லை. வழவழப்பான டயருக்குத் தேங்கிய நீரை வெளியேற்றத் தெரியாது. ஆனால் மழை தொடங்கும்போது சாலையில் நீர் தேங்கியிருக்காது. டயரில் சூடு இருக்கும்வரை ரப்பர் பிடிக்கும். மெதுவாகப் போனால் சூடு இறங்கிவிடும், அப்போதுதான் உண்மையான ஆபத்து. எவ்வளவு சூடு மிச்சமிருக்கிறது, எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்பதை இருக்கை வழியாகவும் ஸ்டீயரிங்கின் கனம் வழியாகவும் ஒவ்வொரு வளைவிலும் அளந்துகொண்டிருந்தால் மட்டுமே அப்படி ஓட்ட முடியும். ஓர் ஆண் இதைச் செய்தால் 'டயரைப் படிக்கத் தெரிந்தவர்' என்பார்கள். 'துணிச்சல்காரி' என்பது நம் ஊரிலும் பாதிப் பாராட்டுத்தான். மறுபாதியில் "இவளுக்கு என்னமோ ஆகப்போகிறது" என்ற எதிர்பார்ப்பு காத்திருக்கும்.

பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் 'கறுப்பு எரிமலை'. கறுத்த நீண்ட கூந்தலும் கோபமும் காரணமாம். ஆணுக்கு ஆபத்தான காருக்கு வைக்க வேண்டிய பெயரைப் பெண்ணுக்கு வைத்துவிட்டார்கள்.

1981 அக்டோபரில் இத்தாலியின் சான் ரெமோ ராலியில் ஆடி குவாட்ரோ காரில் வென்று, உலக ராலிப் போட்டியின் ஒரு சுற்றை வென்ற முதல் பெண் ஆனார். இன்றுவரை வேறு பெண் வெல்லவில்லை. பக்கத்து இருக்கையில் சாலைக்குறிப்புகளை வாசித்தவர் ஃபப்ரிஸியா போன்ஸ், அவரும் பெண். அப்போது கிளம்பிய பேச்சு இன்றும் ஓயவில்லை: வென்றது நான்கு சக்கர இயக்கம். குவாட்ரோ புதுமையான கார்தான், மறுக்கவில்லை. ஆனால் நான்கு சக்கரங்களும் இழுப்பது கிளம்புவதற்கும் வேகமெடுப்பதற்கும் உதவும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் டயரை விட்டால் வேறு கதி இல்லை. 1982இன் மான்டி கார்லோவில் இது தெரிந்தது. ஜனவரியில் நடக்கும் அந்த ராலியில் அடிவாரத்தில் சாலை காய்ந்திருக்கும், 1607 மீட்டர் உயரத்துத் துரினி கணவாயில் கண்ணாடிப் பனி இருக்கும், எதற்கேற்ற டயரைப் போட்டாலும் பாதி வழிக்குத் தவறான டயர்தான். அந்த ஆண்டு பெரும்பாலும் காய்ந்தே இருந்த சாலைகளில், பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்ட ஓப்பல் காரில் வால்ட்டர் ரோல் வென்றார். மூட்டோன் மோதி வெளியேறினார். காரே வெல்லுமென்றால் அன்று ஏன் வெல்லவில்லை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதே ஆண்டின் கணக்கை முழுதாகப் பார்ப்பது நல்லது. 12 சுற்றுகள். ஆடி வென்றது 7. அவற்றில் ஹன்னு மிக்கோலா 2, ஸ்டிக் ப்ளோம்க்விஸ்ட் 2, மூட்டோன் 3: போர்ச்சுகல், அக்ரோபோலிஸ், பிரேசில். மூவரும் ஓட்டியது குவாட்ரோ. மற்ற இருவரும் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள். இந்த மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத அதிக நேரம் ஆகாது.

எழுதுவதில்லை. எழுதப்படுவது வேறு கதை. தந்தை ஆல்பின் கார் வாங்கித் தந்து, ஓராண்டில் உன்னை நிரூபி என்று சொன்னதில் அந்தக் கதை தொடங்கும். ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கும் நாளில் தந்தை இறந்த செய்தியோடு அது உச்சத்தை அடையும். பட்டத்துக்காக ரோலோடு போட்டியிட்டுக்கொண்டிருந்த நேரம், தாய், போய் ஓட்டு என்று சொல்கிறார், ஓட்டுகிறார், தோற்கிறார். அப்பாவில் தொடங்கி அப்பாவில் முடிகிற இந்த அமைப்பு நாவலாசிரியர்களுக்கும் ஆவணப்பட இயக்குநர்களுக்கும் வசதியானது. மகளின் துயரத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அவர் அந்த ராலியில் துயரத்தோடேயே நெடுநேரம் முன்னிலை வகித்தார். பழுதானது காரின் கியர் அமைப்பு. அதை மாற்றுவதில்தான் சேர்த்துவைத்த நேரம் முழுதும் போனது. அதன் பிறகே விபத்து. பெண்ணின் தோல்விக்கு ஓர் உணர்ச்சி கையருகில் கிடைக்கும்போது இயந்திரத்தைத் திறந்து பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. ஆணின் சாவுக்கு இயந்திரத்தைக் காரணமாக்கிப் பெயரும் வைத்தவர்கள் இவர்கள்தான்.

அந்த ஆண்டு பட்டத்தை ரோல் 109 புள்ளிகளுடன் எடுத்துக்கொண்டார். மூட்டோனுக்கு 97, இரண்டாமிடம். கதை பெரும்பாலும் ஐவரி கோஸ்டிலேயே நின்றுவிடும். ஆனால் இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. நவம்பர் பிற்பகுதி, பிரிட்டனில் ஆர்.ஏ.சி. ராலி. பட்டம் கைவிட்டுப் போயாயிற்று, தந்தை இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மரங்களுக்கு நடுவே ஈரமான, குளிர்ந்த மண்சாலைகள், இருட்டில் ஓட்ட வேண்டிய பகுதிகள், பக்கத்தில் ஃபப்ரிஸியா போன்ஸின் குரல். மிக்கோலா முதலாவதாக வந்தார். மூட்டோன் இரண்டாவதாக.