அலியின் ஐந்து தோல்விகள்: எப்படி ரசிப்பது?

முகமது அலி போட்ட தொழில்முறைச் சண்டைகள் 61. ஜெயித்தது 56, தோற்றது 5. நாம் பெரும்பாலும் பார்த்திருப்பது ஜெயித்த சண்டைகளின் துண்டுகளைத்தான். லிஸ்டன் மல்லாந்து கிடக்க, அலி மேலே நின்று கையை மடக்கிக் கத்துவது. கின்ஷாசாவில் ஃபோர்மன் சுழன்று விழுவது. அந்த மனிதரை முழுதாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஐந்து தோல்விகளையும் நடந்த வரிசையிலேயே, ஒரு ரவுண்டு விடாமல் பார்க்க வேண்டும் என்பேன். ஜெயித்த பல இரவுகளில் அவருக்குத் தெரிந்ததில் பாதியே போதுமானதாக இருந்தது. தோற்ற இரவுகளில்தான் இருந்ததை எல்லாம் எடுத்துப் போட வேண்டி வந்தது.

தோல்விக்குப் போகுமுன் ஒரு வெற்றியைப் பார்த்துவிடுங்கள். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸுடன் நடந்தது, மூன்றே ரவுண்டு. கைகள் இடுப்பளவில் தொங்க, பின்னால் நகர்ந்துகொண்டே குத்துகிற அந்தக் கால்களை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இனி பார்க்கப்போகும் ஒவ்வொரு தோல்வியையும் அந்தக் கால்களோடுதான் ஒப்பிட வேண்டும். மறு ஆண்டே வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்ப்பை மறுத்ததால் பட்டமும் உரிமமும் பறிபோயின. 25 வயதிலிருந்து 28 வரை, ஒரு குத்துச்சண்டை வீரரின் பொன்னான மூன்றரை ஆண்டுகள், அவர் கோதாவில் ஏறவே இல்லை.

வர்ணனையின் ஒலியை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர் சொல்வதைத்தான் பிறகு நம் கண் தேடும். கைகள் தாமாகவே நம் பார்வையை இழுக்கும். முதல் தடவை இழுக்கட்டும். இரண்டாம் தடவை இடுப்புக்குக் கீழே பாருங்கள். அதோடு கயிற்றைப் பாருங்கள். அலி எப்போது கயிற்றில் சாய்கிறார், ஏன் சாய்கிறார், சாய்ந்த பிறகு அவர் கைகள் என்ன செய்கின்றன? அவருடைய தோல்விகளின் கதை முழுவதும் அந்தக் கயிற்றில் இருக்கிறது.

முதல் தோல்வி 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரில் ஜோ ஃபிரேசியர். இருவருமே அதுவரை தோற்றதில்லை. ஆளுக்கு 25 லட்சம் டாலர் சம்பளம். இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். ஐந்தில் மிகச் சிறந்தது இதுதான், அலியின் எல்லாச் சண்டைகளிலும் மிகச் சிறந்தது என்றுகூடச் சொல்வேன். முதல் சில ரவுண்டுகளில் அலியின் ஜாப், அதாவது நேராக நீட்டிப் போடும் இடது கைக் குத்து, வேலை செய்கிறது. குனிந்து, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, ஃபிரேசியர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறார். பழைய அலியாக இருந்தால் விலகி நடனமாடியிருப்பார். 1971-ன் கால்கள் பதினைந்து ரவுண்டுக்குத் தாங்காது என்று அவருக்கே தெரியும். அதனால் கயிற்றில் சாய்கிறார். வாங்கிய குத்து வலிக்கவில்லை என்று கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டலை நம்பாதீர்கள். அதே நேரத்தில் முழங்கைகள் எவ்வளவு இறுக்கமாக விலாவை ஒட்டுகின்றன என்று பாருங்கள். வலித்தது.

11-ஆவது ரவுண்டில் ஓர் இடது ஹூக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, அவரைத் தள்ளாட வைக்கிறது. கடைசி ரவுண்டில்தான் உலகமே அறிந்த அந்தக் குத்து. இதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அலி வலது கையால், கீழிருந்து மேலே போகும் அப்பர்கட் போட முனைகிறார். அதற்காக அந்தக் கை தாழ்கிறது. தாடை திறந்து கிடக்கிறது. அந்த வலது கை தாழும் என்பதை எடி ஃபட்ச் என்ற பயிற்சியாளர் முன்கூட்டியே கவனித்து, அந்த நொடியில் இடது ஹூக் போடும்படி ஃபிரேசியரைத் தயார்படுத்தியிருந்தார். ஃபிரேசியரின் இடது கை எங்கோ கீழேயிருந்து கிளம்பி வந்து தாடையில் இறங்குகிறது. அலி மல்லாந்து விழ, ஷூவில் கட்டியிருந்த சிவப்புக் குஞ்சங்கள் காற்றில் எழுகின்றன. இங்கே பலர் வீடியோவை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அந்தக் குத்துக்குப் பிறகு எழுந்திருக்க முடிந்ததே பெரிது. அலியோ நடுவர் ஐந்து எண்ணுவதற்குள் எழுந்து, வீங்கிய தாடையோடு ரவுண்டை முடித்துவிட்டுத்தான் மூலைக்குப் போகிறார். மூன்று நடுவர்களும் ஃபிரேசியருக்கே தீர்ப்பளித்தார்கள். சரியான தீர்ப்பு.

இரண்டாவது தோல்வியில் ரசிக்க வேண்டியது எதிராளியின் புத்தியை. 1973 மார்ச் 31, சான் டியேகோ. கென் நார்ட்டனை அப்போது அதிகம் பேருக்குத் தெரியாது. அவருடைய பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே எடி ஃபட்ச். அலியின் ஜாபுக்குப் பயந்து விலகாமல், அவர் ஜாப் போடும்போதே நீயும் போடு என்று சொல்லிக்கொடுத்திருந்தார். முன்கைகளைக் குறுக்காகக் கட்டித் தலையைக் காத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து முன்னேறும் நார்ட்டனின் நடை அலியின் தாளத்தையே கெடுத்துவிடுகிறது. அலியின் வாயைக் கவனியுங்கள். தாடை உடைந்துவிட்டது. எந்த ரவுண்டில் உடைந்தது என்று இரு தரப்பும் வெவ்வேறாகச் சொல்லின. அலியின் மூலை ஆட்கள் ஆரம்ப ரவுண்டுகளிலேயே என்றார்கள். பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தப் பார்த்தும் அலி விடவில்லை. 12 ரவுண்டும் நின்று, பிளவுபட்ட தீர்ப்பில் தோற்று, அன்றிரவே அறுவை சிகிச்சைக்குப் போனார். வெற்றிகளின் தொகுப்பில் இந்த மனிதர் கிடைக்க மாட்டார்.

அடுத்த தோல்விக்கு முன் 1974 கின்ஷாசா சண்டையை மறுபடி ஒருமுறை பாருங்கள். 1971-ல் தோற்கக் காரணமாயிருந்த அதே கயிற்றில் சாய்ந்தபடி ஃபோர்மனை அடிக்கவிட்டு, களைக்கவைத்து, எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். தோல்வியில் கண்டெடுத்த வித்தை அது. முதல் ஃபிரேசியர் சண்டையைப் பார்க்காதவர்களுக்குக் கின்ஷாசா வெறும் அதிசயமாகத் தெரியும்.

அந்த வித்தையே 1978 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் காலை வாரிவிட்டது. லியோன் ஸ்பிங்க்ஸுக்கு 24 வயது. ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், ஆனால் தொழில்முறையில் அது எட்டாவது சண்டைதான். அலிக்கு 36. ஒழுங்காகப் பயிற்சி செய்யாமல் வந்து, வழக்கம்போலக் கயிற்றில் சாய்ந்து, பையன் களைப்பான் என்று காத்திருந்தார். பையன் களைக்கவில்லை. கடைசி ரவுண்டை மட்டும் தனியாகப் பாருங்கள்: நாக் அவுட் செய்தால்தான் ஆயிற்று என்று தெரிந்து, மீதமிருந்த மூச்சையெல்லாம் திரட்டி அலி அடிக்கிறார். தோற்ற பிறகு யார்மேலும் பழி போடவில்லை. ஏழே மாதத்தில், நியூ ஆர்லியன்ஸில், ஜாபும் கட்டிப்பிடியுமாகச் சாமர்த்தியமாக ஆடிப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார்.

நான்காவது தோல்வி, 1980 அக்டோபர் 2, லேரி ஹோம்ஸ். இதைப் பார்க்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு தடவை பாருங்கள், போதும். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அலி சென்னைக்கு வந்திருந்தார். எம்.ஜி.ஆர். முதல்வராயிருந்த காலம், நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிச் சண்டை போட்டார். அவரை அன்று நேரில் பார்த்த வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள். ஓய்வு பெற்றவராக வந்தவர், சில மாதங்களில் 38 வயதில் உலகச் சாம்பியனுக்கு எதிரே நின்றார். எடையைக் குறைத்ததில் பார்வைக்குப் பழைய அலிபோலவே இருந்தார். மணி அடித்ததும் தெரிந்துவிடுகிறது, உள்ளே ஒன்றுமில்லை என்று. கயிற்றில் சாய்கிறார், இந்த முறை அங்கிருந்து எந்தத் திட்டமும் கிளம்பவில்லை.

இந்தச் சண்டையில் ஹோம்ஸைப் பாருங்கள். ஒருகாலத்தில் அலியின் பயிற்சி முகாமில் அவரோடு ஸ்பாரிங் செய்தவர். குத்திவிட்டு நடுவரை ஏறிடுகிறார், நிறுத்த மாட்டீர்களா என்பதுபோல. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் டண்டீ நிறுத்தினார். இன்னும் ஒரு ரவுண்டு என்று உதவியாளர் பண்டினி பிரவுன் மன்றாடினார், டண்டீ அசையவில்லை. அலி நேரத்துக்கு முன்பே தோற்றது வாழ்நாளில் இந்த ஒருமுறைதான். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். 1951-ல் வயதான ஜோ லூயிஸை வீழ்த்திய ராக்கி மார்சியானோவும் அப்படித்தான் அழுதார். நான்கு ஆண்டுகள் கழித்து அலியின் நடுக்கம் உலகுக்குத் தெரிந்தபோது, இந்தப் பத்து ரவுண்டுகளை அனுமதித்தவர்கள்மீது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

1981 டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றது கடைசி. ஏற்பாடுகள் அவ்வளவு மோசம். மணிக்குப் பதில் மாட்டு மணி அடித்தார்கள். இதுவும் ஒரு தடவை போதும்.

ஐந்தும் முடிந்ததும் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 1976 செப்டம்பரில் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த அலி-நார்ட்டன் மூன்றாவது சண்டையை ஒலியில்லாமல் ஓடவிட்டு, ஒவ்வொரு ரவுண்டும் யாருக்கு என்று நீங்களே எழுதுங்கள். கால், கயிறு, முழங்கை, ஜாப் எல்லாம் பழகிய கண் இப்போது உங்களுக்கு இருக்கும். தீர்ப்பு அலிக்கு, இரு நடுவர்களின் தாளில் 8-7. முன்னிலையில் இருக்கிறோம், ஜாக்கிரதையாக ஆடு என்று நார்ட்டனின் மூலை சொன்னதால் கடைசி ரவுண்டை அவர் கோட்டைவிட்டார். முடிவு தெரிந்ததும் அழுதார். உங்கள் தாளில் நார்ட்டன் ஜெயித்திருந்தால், அலியின் தோல்விகளை ஆறு என்று எண்ணும் ஏராளமான ரசிகர்களோடு நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.