மேற்கோள் எண்ணிக்கை அளப்பதும் அளக்காததும்

ஓர் ஆய்வாளரின் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டியுள்ளனர் என்னும் மேற்கோள் எண்ணிக்கை, இன்று பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் உரைகல்லாகிவிட்டது. 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடு, அதாவது ஒவ்வொன்றும் குறைந்தது 20 மேற்கோள்களைப் பெற்ற 20 கட்டுரைகளை உடையவருக்கு 20 என மதிப்பிடும் முறை, ஒருவரின் ஆய்வு வாழ்க்கை முழுவதையும் ஒற்றை எண்ணாகச் சுருக்கியது. இவ்வழக்கத்தின் நிறையும் குறையும் ஒருசேரப் புலப்படும் இடம், மூளை இணைப்பு ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான பாரத் பிஸ்வாலின் பணி.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு மாணவராக இருந்த பிஸ்வால், 1995இல் மூவருடன் இணைந்து வெளியிட்ட கட்டுரையின் சோதனை எளியது. இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைக் கொண்டு மூளைச் செயல்பாட்டைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. முறையால், கையசைவின்போது இயங்கும் பகுதிகளை முதலில் கண்டறிந்தனர். பின்னர், எதுவும் செய்யாமல் படுத்திருப்பவரின் மூளையை 250 மில்லி விநாடிக்கு ஒன்றாக 512 படங்கள் எடுத்து ஆராய்ந்தபோது, இரு அரைக்கோளங்களின் இயக்கப் புறணிகளிலும் 0.1 ஹெர்ட்சுக்குக் குறைவான மெல்லலைவுகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது தெரிந்தது. செயல்சார் இணைப்பு எனப்படுவது இந்த ஒட்டுறவே. இவ்வலைவுகள் மூச்சாலும் இதயத்துடிப்பாலும் எழும் இரைச்சல்தானே என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுந்தது. விநாடிக்கு நான்கு படம் எடுத்ததன் அருமை இங்குதான் விளங்கும்: இரண்டு விநாடிக்கு ஒரு படம் எடுத்தால், விநாடிக்கு ஒருமுறை துடிக்கும் இதயத்தின் தடம் மெல்லலைவாகத் திரிந்து கலந்துவிடும், விரைவாக எடுத்தால் அது தனியே நிற்கும்.

இக்கட்டுரை பின்னர் பெற்ற பல ஆயிரம் மேற்கோள்களை வெறும் விளம்பரம் எனத் தள்ளிவிட முடியாது. ஐயத்துக்குள்ளான முடிவொன்றைப் பல நாட்டு ஆய்வகங்கள் தம் கருவிகளில் செய்துபார்த்து ஏற்றுக்கொண்டன என்பதற்கு அவ்வெண்ணிக்கை உண்மையான சான்று. இவ்வளவில் எண் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

ஆனால், ஒரு முறை பரவும்போது அதன் பிழையும் உடன் பரவுவதை அந்த எண் காட்டுவதில்லை. ஸ்கேன் கருவிக்குள் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே, அருகருகே உள்ள பகுதிகளின் ஒட்டுறவு பொய்யாகக் கூடுவதையும் தொலைவிலுள்ளவற்றின் ஒட்டுறவு குறைவதையும் ஜோனதன் பவர் குழுவினர் 2012இல் காட்டினர். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவதால், மூளை வளர்ச்சி பற்றிய முந்தைய முடிவுகள் சிலவற்றை மறுபடி ஆராய வேண்டியதாயிற்று. திருத்துவதற்காகச் சுட்டினாலும் எண்ணிக்கையில் ஒன்று கூடுமேயன்றிக் குறையாது. இது இவ்வளவையின் அடிப்படைக் குறை.

பிஸ்வாலின் பணியில் 1995ஆம் ஆண்டுக் கட்டுரையைவிடவும் மதிப்புக்குரியதாகக் கருதத்தக்கது, 2010இல் அவரும் பலரும் வெளியிட்ட ஆயிரம் செயல்சார் இணைப்புவரைபடத் திட்டம். 35 மையங்களில் திரட்டப்பட்ட 1,414 தன்னார்வலர்களின் ஓய்வுநிலைப் படங்கள் எவரும் எடுத்தாளும் வகையில் பொதுவில் வைக்கப்பட்டன. அத்தொகுப்பிலிருந்து 499 பேரின் படங்களை எடுத்தே, ஆண்டர்ஸ் எக்லண்ட், தாமஸ் நிக்கோல்ஸ், ஹான்ஸ் க்னுட்சன் மூவரும் 2016இல் பெருவழக்கிலுள்ள எஃப்.எம்.ஆர்.ஐ. மென்பொருள்களைச் சோதித்தனர். 5 விழுக்காட்டில் நிற்க வேண்டிய பொய்க் கண்டறிவு, சில பகுப்பாய்வுகளில் 70 விழுக்காடு வரை எட்டியது. தன் துறையின் தவற்றைப் பிறர் கண்டறியத் தரவைத் திறந்துவைத்த இச்செயலும் மேற்கோள் பட்டியலில் மற்றொரு கட்டுரையாக மட்டுமே பதிவாகிறது. ஸ்கேன் அறையில் அப்படங்களை எடுத்த தொழில்நுட்பர்கள் அதிலும் இடம்பெறுவதில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் இவ்வெண் அழித்துவிடுகிறது. இரு இயக்கப் புறணிகளின் ஒத்திசைவு ஒரே மனிதரின் சில நிமிடப் படங்களிலேயே தெளிவாகத் தெரியும் வலுவான விளைவு. அதே முறையைக் கொண்டு அறிவுத்திறனையோ மனநலத்தையோ இணைப்புகளோடு பொருத்தும் ஆய்வுகளோ, ஏறத்தாழ 50,000 பேரின் தரவை ஆராய்ந்த ஸ்காட் மாரெக் குழுவினர் 2022இல் காட்டியபடி, நம்பத்தக்க முடிவுக்கு ஆயிரக்கணக்கானோரை வேண்டுவன. இத்துறை ஆய்வுகளின் இடைநிலை அளவு 25 பேரளவிலேயே இருந்தது. அச்சிறு ஆய்வுகள் 1995 கட்டுரையைச் சுட்டும்போது, உறுதியான கண்டுபிடிப்பின் கணக்கில்தான் அவற்றின் மேற்கோளும் சேர்கிறது.