ஒரு குரலா, பல குரலா? போன்ஹோஃபரும் ஜான் பெல்லும் சபைப் பாடலும்

பாடகர் குழு வளர வளரச் சபையார் பாடுவது குறைந்து வருகிறது என்று ஆயர் பலரும் முறையிடக் கேட்கிறோம். பயிற்சி பெறாத எளிய மக்கள் ஒருமித்து மகிழ்ந்து பாடுவதெவ்வாறு என்பதை இறையியல் வினாவாகவே எடுத்துக்கொண்ட நூல்கள் மிகச் சில. அவற்றுள் இரண்டினை ஈண்டு ஆராய முற்படுகிறோம். ஒன்று, டீட்ரிக் போன்ஹோஃபர் 1938இல் எழுதி 1939இல் வெளியிட்ட 'கெமைன்சாமெஸ் லேபன்', அதாவது 'கூட்டு வாழ்வு'. மற்றொன்று, ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஆயரும் அயோனா சமூகத்தைச் சார்ந்த பாடலாசிரியருமாகிய ஜான் பெல் 2000இல் வெளியிட்ட 'தி சிங்கிங் திங்'.

சபைப் பாடல் ஒரே குரலாய் ஒலிக்கவேண்டும் என்பது போன்ஹோஃபரின் துணிபு. இசை சொல்லுக்குப் பணிசெய்ய வேண்டுமேயன்றித் தனக்கெனத் தனியாட்சி நாட்டலாகாது. ஆகவே, தாமாகவே இரண்டாம் குரல் கூட்டுகிறவர், தம் குரலின் ஆழத்தைப் பிறர் அறியும்படி ஒலிக்கும் தாழ்குரலார், நெஞ்சை நிமிர்த்தித் தனித்து முழங்குகிறவர் ஆகியோரை அவர் இத்தகைய பாடலின் பகைவரென்றே கருதுகிறார். தமக்குப் பாட வராது என்று வாய்மூடி இருப்போரையும் அவர் விட்டுவைக்கவில்லை. மெய்யாகவே பாட இயலாதவர் அவ்வாறு சொல்லிக்கொள்வோரினும் மிகக் குறைவு என்கிறார். மனச்சோர்வாலோ மனக்கசப்பாலோ பாட மறுப்போர் ஐக்கியத்தைக் குலைக்கின்றனர் என்பதும் அவர் கருத்து.

இவ்வழக்கு புதிதன்று. ஜெனீவாவில் கால்வின் வழிபாட்டிற்கு ஒருகுரற் சங்கீதங்களையே அனுமதித்தார். அச்சங்கீத நூல் 1562இல் நிறைவெய்தியது. லூத்தரோ, யோகான் வால்ட்டர் 1524இல் பல குரல்களுக்கென அமைத்த பாடல் நூலை வரவேற்று முன்னுரையும் எழுதினார். லூத்தரன் மரபினராகிய போன்ஹோஃபர் இவ்விடத்தில் விட்டன்பர்க்கை விட்டு ஜெனீவாவின் பக்கம் சாய்வது நோக்கத்தக்கது.

அவர் கூற்றின் வலிமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அது எவ்விடத்தில் பிறந்தது என்பதை மறத்தலாகாது. பின்கன்வால்டே குருமடத்தில் 1935 முதல் 1937 வரை அவர் பயிற்றுவித்தவர்கள் இளம் ஆடவர். இருபது ஆடவர் கூடினால் எடுத்த சுருதி ஏறத்தாழ எல்லார்க்கும் பொருந்தும். பாட்டியும் பேரனும், கட்டைக்குரல் தச்சரும் மென்குரல் ஆசிரியையும் கூடிய சபையில் 'ஒரே குரல்' என்பது அத்துணை எளிதன்று. கருநாடக இசையில் பெண்கள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும், ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பாடுவதை நாம் அறிவோம். முன்நின்று பாடுகிறவர் தமக்கு உகந்த சுருதியை எடுப்பாராயின், சபையில் ஒரு பாதி உறுமும், அல்லது வீறிடும், பின்னர் ஓய்ந்துவிடும். ஓய்ந்தவரைப் பாட மனமில்லாதவர் என்று எவ்வாறு குற்றஞ்சாட்டுவது? சுருதியைப் பற்றிப் போன்ஹோஃபர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இஃது அவர் நூலின் பெருங்குறை என்றே கருதுகிறோம்.

இன்னுமொரு முரண்பாடும் உண்டு. 1930-31இல் நியூயார்க்கில் பயின்றபோது ஹார்லெமில் உள்ள அபிசீனிய பாப்திஸ்து சபையில் கறுப்பின மக்களின் ஆன்மீகப் பாடல்களில் அவர் உள்ளம் பறிகொடுத்தார். இசைத்தட்டுகளைத் தாயகம் கொண்டுசென்று பின்கன்வால்டே மாணவர்க்கும் கேட்பித்தார். அப்பாடல்களோ பாடுகிறவர் தாமாகவே குரல் கூட்டுவதால் உயிர் பெறுவன! அவர் செவி விரும்பியதை அவர் ஏடு விலக்கியது போலும்.

ஜான் பெல் வேறு வாயிலாக நுழைகிறார். மக்கள் ஏன் பாடுவதில்லை என்பதற்கு நான்கு காரணங்கள் காட்டுகிறார்: 'உனக்குப் பாட வராது' என்று இளமையில் ஒருவர் சொன்ன சொல், தேர்ந்த கலைஞரையே கேட்டுப் பழகிய காலச் சூழல், பாட்டுக்கு ஒவ்வாத இடமும் இருக்கையும், தவறான வழிநடத்துதல். முதற் காரணமே நம் நெஞ்சைத் தொடுகிறது. போன்ஹோஃபர் பிடிவாதத்தைக் கண்ட இடத்தில் பெல் காயத்தைக் காண்கிறார். நாம் அறிந்த ஒரு சபையில், கிறிஸ்து பிறப்புப் பாடல் பயிற்சியின்போது, நாற்று நடுகையில் வயலெல்லாம் கேட்கப் பாடும் பெண்மணி ஒருவரிடம், 'நீங்கள் வாயை மட்டும் அசையுங்கள், அம்மா' என்று குழுத்தலைவர் சொன்னாராம். அவ்வம்மையார் அதன்பின் ஆலயத்தில் பாடவேயில்லை. வயலில் பாடுவதை நிறுத்தினாரல்லர்.

இங்கேதான் பெல்லின் நூலும் நமக்கு முழுவதும் பொருந்தாமற் போகிறது. பொதுவாழ்வில் பாட்டே அருகிப்போன ஒரு நாட்டை மனத்திற்கொண்டு அவர் எழுதுகிறார். நம் மக்களிடம் பாட்டு அருகவில்லை. ஆலய வாசலில் அது நின்றுவிடுகிறது. அப்பாட்டை உள்ளே அழைத்துவர மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அரும்பாடு பட்டார். பாடுகிற மக்கள் தங்கள் வாயில் மாற்றியமைத்துக்கொள்ள இடந்தரும் நாட்டார் மெட்டுகளை அவர் தேர்ந்தது, ஒடுக்கப்பட்டோர் வழிபாட்டில் உரிமையோடு குரலெழுப்ப வேண்டும் என்னும் இறையியல் நோக்கத்தினாலேயாம். போன்ஹோஃபருக்கு இதனினும் தக்க மறுமொழி நாம் கண்டதில்லை.

கீர்த்தனைகளும் இவ்வழக்கில் சான்று பகர வல்லன. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் வளர்த்த இம்மரபு இயல்பிலேயே ஒருகுரற் பாடல். சரணம் அறியாதவரும் பல்லவி திரும்பும்போது சேர்ந்துகொள்ளலாம். தாளம் கையில் இருப்பதால் ஏடறியாதவரும் இடறுவதில்லை. இவ்வமைப்பை நாமே கெடுத்துவருகிறோம். சரணத்தை ஒருவர் பாட, பல்லவியைச் சபை ஏற்றுப் பாடும் முறை போய், குழுவினர் அனைத்தையும் ஒலிபெருக்கியில் பாடி முடித்துவிடுகின்றனர். தன் குரல் தன் காதிலேயே விழாதவர் எதற்காகப் பாடுவார்?

நாற்குரல் இசையை அகற்றிவிட வேண்டும் என்பதன்று நம் கருத்து. இங்கிலாந்தில் சபை ஆயராயிருந்த ஜான் கர்வென் (1816–1880), சாரா குளோவர் அம்மையாரின் முறையைத் தழுவி டானிக் சால்ஃபாவைப் பரப்பியது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளரும் பாடும்பொருட்டே. நம் ஸரிகம போன்றே ஆதார சுருதியை இடம்பெயர்க்கும் அம்முறையால், மேனாட்டு இசைக்குறி அறியாதவரும் தத்தம் குரல்வரியைக் கற்றனர். உச்சத்தை எட்டாத ஆடவர் பலருக்குத் தாழ்குரல் வரியே புகலிடமாயிற்று. போன்ஹோஃபர் அவ்வரியில் செருக்கை மட்டுமே கண்டார்.

குழு நடத்தும் இளம் ஆயர் முதலில் செய்யத்தக்கது யாதெனில், பாடலின் உச்ச ஸ்வரத்தையும் தாழ்ந்த ஸ்வரத்தையும் பார்த்துவிட்டுச் சுருதியை உறுதி செய்வதே. கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தான் இருக்கையில் இதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. புதுப்பாடலை அடியடியாகச் சொல்லிக்கொடுத்து, கையால் ஏற்ற இறக்கம் காட்டி, இசைக்கருவியின்றியே பயிற்றும் பெல்லின் முறை நம் திண்ணைப் பள்ளி முறைக்கு மிக அண்மையது. 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் 288 பாடகருக்குச் சீட்டுப்போட்டபோது ஆசானுக்கும் மாணாக்கனுக்கும் வேறுபாடு வைக்கவில்லை என்பதையும் மாணவர்க்கு நினைவூட்டுகிறோம். குழுவினரை வாரம் ஒருமுறையேனும் சபையாரின் நடுவே பரவலாக அமர்த்திப் பார்க்கலாம். சீருடை தைத்த பெற்றோர் இதனை விரும்பார் என்பது நமக்குத் தெரியாமலில்லை.

இத்தகைய நடைமுறைகளைப் பெல் விரிவாகப் பேசுவது 2007இல் வெளிவந்த 'தி சிங்கிங் திங் டூ' என்னும் தொடர்ச்சி நூலிலாகும். இறையியல் மாணவர் அதனையே முதலில் வாசிப்பது நன்று. போன்ஹோஃபரை அதன்பின், மகளிர் சிலரும் உடனிருந்து விவாதிக்க, வாசிக்கலாம்.